உனக்கு எழுதிவைக்க முடியாத ரிவோல்வர்

மகனே,

நீ சுகமாக இருக்கிறாயா என்று கேட்டுத் தொடங்க மாட்டேன். போன கிழமை போனில் நீ என்னோடு கோபித்துக்கொண்ட வேகத்தைப் பார்த்தால் நல்ல சுகமாகத்தான் இருக்கிறாய். நானும் சுகம். உன் கலியாணத்துக்கு மண்டபம் பார்த்தாயிற்று, கூறைச்சேலை எடுத்தாயிற்று, சமையலுக்குச் சொல்லியாயிற்று. ஒரே ஒரு வேலைதான் மிச்சம் என்றாய். "அம்மா, கலியாணத்துக்கு முதல் அந்தச் சாமானைப் பொலிசிட்டக் குடுத்துவிடுங்கோ. அபியின்ர அம்மா அப்பாவுக்கு உது துண்டாப் பிடிக்கேல்லை. நாளைக்குப் பேரப்பிள்ளையள் வந்தால் உந்த வீட்டுக்கு விடமாட்டினம்." யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துவிட்டேன். தரமாட்டேன். பதில் அவ்வளவுதான். ஒரு சொல்லில் முடிகிற பதிலுக்கு இவ்வளவு நீளக் கடிதம் எதற்கு என்பாய். ஒரு சொல்லில் சொன்னால் பிடிவாதம் என்று நினைப்பாய். பிடிவாதம்தான். ஆனால் அதற்குள் என்ன இருக்கிறது என்று நீ அறிந்துவிட்டுக் கோபிக்கலாம்.

பலரும் படிக்கிற இடத்தில் இதை எழுதுவதற்கும் நீதான் காரணம். "சனத்துக்குத் தெரிஞ்சால் என்ன நினைக்கும்" என்று அன்றைக்கு நீ பல தடவை கேட்டாய். சனத்துக்கு நானே சொல்லிவிட்டால் அந்தக் கேள்வி முடிந்துவிடும் அல்லவா? நாங்கள் இருக்கிற அஜக்ஸில் எங்கள் தெருவில் யாராவது இதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தால் வழக்கம்போலக் கை காட்டுவேன். அபி என்பது உன் வருங்கால மனைவிக்கு நான் இங்கே வைத்த பெயர். அவளுடைய அம்மாவைப் பற்றி எழுதுவதற்கு அவரிடமே கேட்டுக்கொண்டேன். உன்னிடம் கேட்கவில்லை. இதை அபி உனக்கு வாசித்துக் காட்டுவாள் என்று நினைக்கிறேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு உன்னைப்போல அவள் ஒளித்துத் திரியவில்லை.

நீ அதைச் சாமான் என்றாய். அதற்குப் பெயர் ரிவோல்வர். ஆறு அங்குலக் குழல், முழு இரும்பு, பழைய வால்நட் மரக் கைப்பிடி, முப்பத்தெட்டு என்று சொல்கிற அளவு துவக்கு ரவை. அது என்னிடம் எப்படி வந்தது என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. நீ உயர்பள்ளியில் படித்துக்கொண்டிருந்த நாட்களில், நான் மூக்குக்கண்ணாடி பொருத்துகிற கடைக்கு ஒரு பெண் வந்தாள். சுபா. கோயம்புத்தூர்க்காரி, கணினி வேலை, என்னைவிட வயது குறைந்தவள். கல்லூரியில் மாணவர் படையில் துப்பாக்கி பிடித்துப் பழகி, இங்கே வந்து ஒரு கிளப்பில் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் சுடுகிறவர்களுக்குப் பாதுகாப்பு அலுவலராகவும் நிற்கிறாள். அதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அன்றைக்கு அவள் கேட்டது ஒரு விசித்திரமான கண்ணாடி. "அக்கா, எனக்கு தூரமும் வேண்டாம், படிக்கிறதும் வேண்டாம். கையை நீட்டினா விரல் நுனிக்கு கொஞ்சம் அந்தப் பக்கம், அங்க மட்டும் துல்லியமா தெரிஞ்சா போதும்." அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டேன். "முன் குறி," என்றாள். எதன் முன் குறி என்று கேட்டேன். கடையில் வேறு ஆட்கள் இருக்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

நான் படித்த படிப்பும் செய்கிற வேலையும் மனிதருக்குத் தூரத்தையும் கிட்டத்தையும் தெளிவாக்கிக் கொடுப்பதுதான். சுபா சொன்னது நேர்மாறு. கைத்துப்பாக்கியில் கண்ணுக்குக் கிட்ட ஒரு பள்ளம், குழலின் நுனியில் ஒரு மேடு, அதற்கு அப்பால் இலக்கு. இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்க எந்தக் கண்ணாலும் முடியாது. ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுக்க வேண்டியது இலக்கை அல்ல, முன் மேட்டை. இலக்கு மங்கலாகத்தான் இருக்க வேண்டும். சுடப் பழகுகிற எல்லோரும் இலக்கைப் பார்த்துச் சுட்டுத்தான் தவறவிடுகிறார்கள். இதைக் கேட்ட அன்று வீட்டுக்கு வந்து சமைத்துக்கொண்டிருக்கும்போது கூட அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி தயாரானதும் அது சரியாக இருக்கிறதா என்று பார்க்க நானும் கிளப்புக்கு வரலாமா என்று கேட்டேன். தொழில் ஆர்வம் என்று அவளுக்குச் சொன்னேன். எனக்கும் அப்படியே சொல்லிக்கொண்டேன்.

முதலில் கையில் வந்தது கிளப்பின் பிஸ்ரல், இருபத்திரண்டு அளவு. சின்ன ரவை, பாரமான குழல், உதைப்பு என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஊசி போடுவதுபோல இருந்தது. எல்லோரும் அதில்தான் பழக வேண்டும், நானும் பழகினேன், ஆனால் எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. அது எல்லாப் பிழையையும் மன்னித்துவிடும். பிறகு உரிமம் எடுத்து, துவக்குக் கடைக்குப் போய், கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்ற பெடியன் சொன்னதைக் கேட்டு ஒன்பது மில்லிமீற்றர் பிஸ்ரல் ஒன்று வாங்கினேன். கைப்பிடி பிளாஸ்ரிக். என் கையைப் பார்த்துவிட்டு, பெண்களுக்கு இதுதான் சரி, பாரமில்லை என்றான். அவனுக்குத் தெரியாததோ, தெரிந்தும் சொல்லாததோ, எனக்கு வலித்த பிறகுதான் விளங்கியது. பாரம் குறைந்த துவக்குத்தான் கூட உதைக்கும். வெடியின் வேகத்தை வாங்கிக்கொள்ள இரும்பு இல்லாவிட்டால் மணிக்கட்டுத்தான் வாங்கும். அதோடு வெடித்த ரவைகளின் வெறும் கோதுகளை வலப்பக்கம் எறியும். பக்கத்தில் நின்றவரின் பிஸ்ரல் எறிந்த ஒன்று சுடச்சுட என் சட்டைக் கழுத்துக்குள் விழுந்திருக்கிறது. துவக்கின் வாய் இலக்கைவிட்டுத் திரும்பாமல் மெல்லக் கீழே வைத்துவிட்டுத்தான் கழுத்தை உதற வேண்டும். அதற்குள் தோல் வெந்துவிடும். உன் அப்பா அந்தத் தழும்பைப் பார்த்துவிட்டு, "சனம் என்ன நினைக்கும்" என்று உன்னைப்போலவேதான் கேட்டார். வேறு அர்த்தத்தில்.

அந்தப் பிஸ்ரலால் என் வெடிகள் எல்லாம் கீழே போய்க்கொண்டிருந்தன. கண்ணில் பிழை என்று நினைத்து எனக்கே ஒரு கண்ணாடி செய்தேன். அப்போதும் கீழேதான். சுபா பின்னால் நின்று பார்த்துவிட்டு என் ரவைக்கூட்டை வாங்கி, எனக்குத் தெரியாமல் நடுவில் வெடிக்காத பொய் ரவை ஒன்றைச் செருகித் தந்தாள். நான் சுட்டுக்கொண்டே போனேன். பொய் ரவை வந்தபோது 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. துவக்கு அசையவில்லை. என் கை மட்டும் முகம் கவிழ்ந்து விழுந்தது. வெடிக்காத வெடிக்கு நான் குனிந்திருக்கிறேன்.

"பாத்தீங்களாக்கா? அது இன்னும் ஒண்ணுமே பண்ணல. நீங்க அதுக்கு முன்னாடியே பயந்துட்டீங்க."

"நான் பயப்பிடேல்லை."

"கை பயந்திருக்குல்ல?"

"கைக்கு வேற வேலை இல்லை," என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் தன் காது மூடியைக் கழற்ற வேண்டி வந்தது.

கொஞ்ச நாளில் கிளப்பில் மூத்த உறுப்பினர் ஒருவர் கை நடுக்கம் என்று சுடுவதை விட்டார். அவருடைய ரிவோல்வரைச் சும்மா பிடித்துப் பார்க்கச் சொன்னார். பிடித்தேன். பாரம். ஒரு முழுத் தேங்காயைப் பிடிப்பதுபோல இருந்தது. அந்தப் பாரம் என்னைப் பயமுறுத்தவில்லை, அமைதியாக்கியது. அவரிடமே அதை விலைக்கு வாங்கினேன். அதன் முதுகில் இருக்கிற சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து வைத்துவிட்டு விசையைத் தொட்டால் உடனே வெடிக்கும், இலக்குக்கு அதுதான் நல்லது என்று எல்லோரும் சொன்னார்கள். நான் அப்படிச் சுடுவதில்லை. சுத்தியலைத் தொடாமல் விசையை மட்டும் இழுக்கிறேன். நீண்ட, பாரமான இழுவை. இழுக்க இழுக்க ரவைகள் இருக்கிற உருளை சுழன்று அடுத்த ரவை வந்து நிற்பது விரலில் தெரியும். எந்த இடத்தில் வெடிக்கும் என்று எனக்கே தெரியாது. தெரியாததால் முன்கூட்டிக் குனிய முடியாது. முன் மேடு கறுப்பாக, கூராக, நடுங்கிக்கொண்டே இருக்கும். அந்த நடுக்கத்தை நிறுத்த முயலக் கூடாது, அதோடு கூடவே இழுத்துக்கொண்டு போக வேண்டும். வெடிக்கும்போது ரிவோல்வர் மேலே எழும்பும், ஆனால் அது உதையல்ல, ஒரு தள்ளு. யாரோ தெரிந்த ஒருவர் தோளில் கைவைத்துத் தள்ளுவதுபோல. நான் பாவிக்கிற ரவை தட்டை மூக்கு. அது கடதாசியைக் கிழிக்காது, அலுவலகத்தில் துளை போடுகிற கருவியால் குத்தியதுபோல வட்டமாக வெட்டும். அந்த வட்டங்கள் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு நிற்பதைப் பார்க்க எனக்கு ஆசை. கோதுகளும் யார் கழுத்துக்குள்ளும் போகாது. உருளையைத் திறந்து கவிழ்த்தால் உள்ளங்கையில் வந்து விழும்.

பிளாஸ்ரிக் பிஸ்ரலைச் சுபா என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு இந்த நாட்டில் சட்டம் மாறிவிட்டது. இப்போது யாரும் கைத்துப்பாக்கி வாங்கவோ விற்கவோ கைமாற்றவோ முடியாது. முன்பே வைத்திருந்தவர்கள் வைத்திருக்கலாம். என் பழைய பிஸ்ரலால் அவள் என்னை ஒவ்வொரு மாதப் போட்டியிலும் தோற்கடிக்கிறாள் என்பதை மறைக்க மாட்டேன். "என்னக்கா, மியூசியத்துல கேட்டாங்களாம், இதை எப்போ திருப்பித் தர்றீங்கன்னு," என்பாள். "நீர் சுடுறது சுடுறது இல்லை, பிள்ளை. தையல் மிசின் ஓட்டுறது," என்று நான் சொல்வேன். அவளுக்கு வேகம் பிடிக்கும், எனக்கு இழுவை பிடிக்கும். இது வாதாடித் தீர்க்கிற விடயமல்ல. ஒருவருக்கு உறைப்பு, ஒருவருக்குப் புளிப்பு.

இந்த இடத்தில்தான் சனம் என்னிடம் ஒரு காரணம் எதிர்பார்க்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள் என்றதும் தலையை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டு, "போரின் பாதிப்பா?" என்று கேட்கிறார்கள். இன்னும் சிலர் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறார்கள். "துவக்குக்குத் தப்பி இஞ்ச ஓடிவந்த நாங்கள் காசு குடுத்து துவக்கு வாங்கிறதோ?" முதலாவது ஆட்களுக்கு நான் நோயாளி, இரண்டாவது ஆட்களுக்குத் துரோகி. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் ஊரில் துவக்கு வைத்திருந்தவன் கதைத்தான், மற்ற எல்லோரும் கேட்டோம். உண்மை. அந்தத் துவக்குகளில் ஒன்றைக்கூட நான் தொட்டதில்லை, தொட விரும்பியதுமில்லை. அதற்குப் பழிதீர்க்கவோ அதிலிருந்து ஆறுதல் தேடவோ நான் ஞாயிற்றுக்கிழமை கார் எடுத்துக்கொண்டு போகவில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது, போகிறேன். ஒரு ஆண் இதைச் சொன்னால் பொழுதுபோக்கு என்று விட்டுவிடுகிறார்கள். பெண் சொன்னால், அதுவும் எங்கள் பெண் சொன்னால், அடியில் ஒரு காயம் இருக்க வேண்டும் என்று தோண்டுகிறார்கள். காயம் இல்லாமல் ஒரு விருப்பம் எங்களுக்கு இருக்கக் கூடாதா? நீயும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் கேட்டிருக்கிறாய்.

உன் அப்பாவைப் பார். உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது கணவனும் கையெழுத்து வைக்க வேண்டும். பேனையைக் கையில் எடுத்தார். "இஞ்சரும், இதில கையெழுத்து வைச்சால் பிறகு உம்மட கறியில உப்புக் கூடிப்போச்செண்டு நான் வாய் திறக்கேலாது, என்ன?" என்றார். "இப்ப மட்டும் திறக்கிறனீங்களோ?" என்றேன். வைத்தார். அவருக்கு இது பிடிக்காது. இன்றைக்கும் பிடிக்காது. கிளப் வாசலுக்குக்கூட வந்ததில்லை. ஆனால் ஞாயிறு காலையில் நான் புறப்படும்போது என் காரின் கண்ணாடியில் பனி இருந்தால் சுரண்டிவிட்டிருப்பார். கலியாணம் செய்யப் போகிற உனக்கு நான் சொல்லக்கூடிய புத்திமதி ஒன்று இருந்தால் இதுதான்: அபிக்குப் பிடிக்கிற எல்லாவற்றையும் நீ விரும்பத் தேவையில்லை. பனியைச் சுரண்டத் தெரிந்திருந்தால் போதும்.

சரி, விருந்துக்கு வருவோம். யூனியன்விலிலிருந்து அபியின் அம்மாவும் அப்பாவும் முதன்முறை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்த நாள். முதல் நாளே நீ என்னிடம், அதைப் பற்றி மட்டும் வாய் திறக்காதேங்கோ என்று சொல்லிவைத்திருந்தாய். நானாகத் திறக்கவில்லை. அபியின் அப்பா எதையும் கேட்டுவிடுகிற மனிதர் என்பது உனக்குத் தெரியும்.

"ஞாயிற்றுக்கிழமையளில கோயிலுக்குப் போறனீங்களோ, தங்கச்சி?"

"இல்லை அண்ணை. சுடப் போறனான்."

"என்ன சுட? தோசையோ?"

"கடதாசி. பிஸ்ரல் கிளப் ஒண்டில."

மேசைக்கு அடியில் நீ என் காலை மிதித்தாய். அவர் உன் அப்பாவைப் பார்த்து, "நீங்கள் நல்ல ஒழுங்காத்தான் இருப்பியள், என்ன அண்ணை?" என்று கேட்டுச் சிரித்தார். அபி சிரித்தாள். நீ சிரிக்கவில்லை. அபியின் அம்மா கையிலிருந்த அப்பளத்தைச் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்துவிட்டார்.

கை கழுவிய பிறகு அபியின் அம்மா என்னிடம் வந்து, "உதை ஒருக்காக் காட்டுவியளோ?" என்று கேட்டதும், நாங்கள் இருவரும் வீட்டுக்குக் கீழே பேஸ்மென்றுக்குப் போனதும் உனக்குத் தெரியும். என்ன நடந்தது என்று தெரியாது. பெட்டகத்தைத் திறந்து, ரிவோல்வரை எடுத்து, விசைப் பூட்டைக் கழற்றி, உருளையைத் திறந்து ஆறு அறையும் வெறுமையாக இருப்பதைக் காட்டினேன். ரவைகள் வேறு பெட்டியில், வேறு பூட்டில் இருப்பதையும் காட்டினேன். அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பிடித்துப் பாருங்கோ என்றேன். வேண்டாம் என்றார். "சுடேக்க கண்ணை மூடுவியளோ?" என்று கேட்டார். தொடக்கத்தில் மூடினேன், இப்போது இல்லை என்றேன். பிறகு சொன்னார்: "என்ர தம்பியைச் சுட்டதும் உப்பிடி ஒண்டுதான். வீட்டுப் படலையடியில." ரிவோல்வரை உள்ளே வைத்துப் பூட்டினேன். அவர் படியேறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினார். முழங்கால் வலி என்றார்.

அதற்கு அடுத்த கிழமைதான் உன் போன் வந்தது. அபியின் அம்மா அப்பா கேட்கிறார்கள், பொலிசிடம் கொடுத்துவிடுங்கள் என்று. உண்மையைச் சொன்னால், அபியின் அம்மா கேட்கிறார் என்றால் எனக்கு அதை மறுப்பது கஷ்டம். அந்த வாசல் படலையை நினைத்துக்கொண்டு என்னால் எப்படி மாட்டேன் என்று சொல்ல முடியும்? கொடுத்துவிட்டால் அது திரும்பி வராது, உருக்கிவிடுவார்கள். இனி இன்னொன்று வாங்கவும் முடியாது. அது தெரிந்தும் கொடுக்கத்தான் நினைத்தேன். பெட்டகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் முழுவதும் அதன் முன்னால் கதிரை போட்டு இருந்தேன். பிறகு, கொடுப்பதானால் அவரிடமே சொல்லிவிட்டுக் கொடுப்போம் என்று அவருக்குப் போன் எடுத்தேன்.

"அக்கா, நீங்கள் கேட்டபடி நான் உதைக் குடுத்துவிடுறன்," என்றேன்.

"நான் எப்ப கேட்டனான்?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. நீ சொன்னதைச் சொன்னேன். அந்தப் பக்கத்தில் அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைப்பது கேட்டது.

"இஞ்ச பாருங்கோ. எனக்கு உதைப் பிடிக்கேல்லை. சாகுமட்டும் பிடிக்காது. அதை நான் உங்கட முகத்துக்கு நேரையே சொல்லுவன், உங்கட மகனிட்டச் சொல்லிவிடமாட்டன். ஆனால் குடுங்கோ எண்டு நான் சொல்லேல்லை, இவரும் சொல்லேல்லை. உங்கட வீட்டில என்ன இருக்கவேணும் எண்டு சொல்ல நான் ஆர்? ஒண்டு மட்டும். பேரப்பிள்ளை வரேக்க நான் முதல் வந்து அந்தப் பூட்டை இழுத்துப் பார்ப்பன். ஒவ்வொருமுறையும். கோபிக்கப்படாது."

"வந்து இழுத்துப் பாருங்கோ, அக்கா," என்றேன். "கோபிக்கமாட்டன்."

அவர்கள் கேட்கவில்லை, தம்பி. நீதான் கேட்டாய். உன் வாயால் கேட்டால் நான் மறுத்துவிடுவேன் என்று நினைத்து அவர்கள் வாயால் கேட்டாய். செத்துப்போன அபியின் மாமாவைப் பற்றி உனக்குத் தெரிந்திருந்ததா இல்லையா என்று நான் கேட்கப் போவதில்லை. தெரியாது என்றே நம்புகிறேன். ஆனால் அந்தக் குடும்பத்தின் துக்கத்தை நீ இரவல் வாங்கி என் முன்னால் வைத்தாய். அது கிட்டத்தட்ட வேலை செய்துவிட்டது. அதுதான் எனக்குக் கோபம். நாளைக்கு அபியிடம் ஒன்று வேண்டுமென்றால் "அம்மாவுக்கு அதுதான் விருப்பம்" என்று என் பெயரைச் சொல்லுவாய். அப்படி ஒருநாள் என் காதுக்கு வந்தால், அம்மா அப்படிச் சொல்லவில்லை என்று அன்றைக்கே அவளுக்குப் போன் எடுத்துச் சொல்லுவேன். வேண்டியதை உன் பெயரில் கேள். கிடைக்காவிட்டாலும் உன் பெயரில் கேள்.

உன்னிடமும் ஒரு காரணம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நாங்கள் மல்வேர்னில் வரிசை வீட்டில் இருந்த காலத்தில், நீ பள்ளிக்கூடம் முடிந்து பஸ்சால் இறங்கி வந்த ஒரு பின்னேரம், கார் நிறுத்துமிடத்தில் ஒரு பெடியனைச் சுட்டுப் போட்டிருந்தார்கள். பொலிஸ் கட்டிய மஞ்சள் நாடாவுக்கு இந்தப் பக்கம் நின்று நீ பார்த்தாய். அன்றைக்கு நீ சாப்பிடவில்லை. அஜக்ஸுக்கு நாங்கள் வந்ததற்கு வீட்டு விலை காரணம் என்று எல்லோருக்கும் சொன்னோம், அதுவும் காரணம்தான். அந்தப் பெடியனின் தாயின் முன்னால் நின்று கைத்துப்பாக்கிச் சட்டத்தைப் பற்றி வாதாட எனக்கு வாய் வராது. எங்களைப்போல் பூட்டி வைத்திருப்பவர்களுக்கு எதற்குத் தண்டனை என்று கிளப்பில் எல்லோரும் கேட்கும்போது நானும் தலையாட்டுகிறேன், பிறகு 401 நெடுஞ்சாலையில் கார் ஓட்டிக்கொண்டு வரும்போது அந்த மஞ்சள் நாடா ஞாபகம் வருகிறது. இரண்டும் என்னிடம் இருக்கின்றன. ஒன்றை வைத்து மற்றதை அழிக்க நான் முயலவில்லை. நீ அந்தக் காரணத்தோடு வந்து, "அம்மா, எனக்குப் பயம்" என்று சொல்லியிருந்தால் நாங்கள் இருவரும் இருந்து கதைத்திருப்போம். அப்போதும் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் அது உனக்கும் எனக்கும் இடையிலான மாட்டேன் ஆக இருந்திருக்கும்.

இப்படிப்பட்ட கடிதங்களில் பெற்றவர்கள் தங்கள் பிழைகளையெல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்பது வழக்கம். நானும் தேடிப் பார்த்தேன். இந்த விடயத்தில் எனக்கு ஒரே ஒரு பிழைதான் கிடைத்தது. கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்ற பெடியன், பெண்களுக்குப் பாரமில்லாததுதான் சரி என்று சொன்னபோது அதை நம்பினேன். இனி நம்ப மாட்டேன்.

எங்களிடம் உள்ளதெல்லாம் ஒருநாள் உனக்குத்தான். வீடு, என் நகை, அப்பாவின் பழைய கமரா, தூக்கியெறிய மனமில்லாமல் நான் வைத்திருக்கும் ஆட்டுக்கல். ரிவோல்வரை மட்டும் உனக்கு எழுதிவைக்க முடியாது. எழுதினாலும் செல்லாது. எனக்குப் பிறகு அது யாருக்கும் இல்லை. முதலில் அதை நினைத்து வருத்தப்பட்டேன். இப்போது வேறுமாதிரித் தோன்றுகிறது. கலியாணமான நாளிலிருந்து நான் வாங்கிய ஒவ்வொரு பொருளையும் வாங்கும்போதே, பிறகு பிள்ளைக்கு உதவும் என்று நினைத்துத்தான் வாங்கியிருக்கிறேன். எனக்காக, என்னோடு தொடங்கி என்னோடு முடிகிற ஒன்று என்னிடம் இருக்கிறதென்றால் அது இது ஒன்றுதான். அதையும் கேட்காதே.

எனக்கு ஐம்பது நெருங்குகிறது. கிட்டத்துப் பார்வை போகிற வயது. முன் மேட்டின் விளிம்பு போன வருடத்தைப்போலக் கூராக இல்லை. சுபாவுக்குச் செய்ததுபோல எனக்கும் புதுக் கண்ணாடி செய்திருக்கிறேன், இன்னும் சில தடவை மாற்றிச் செய்யலாம். எந்தக் கண்ணாடி போட்டாலும் அந்த மேடு தெரியாமல் போகிற ஒருநாள் வரும். விசையை இழுக்க விரலுக்குப் பலம் இல்லாத நாளும் வரும். அன்றைக்கு நானே பொலிசுக்குப் போன் எடுத்து வந்து கொண்டுபோகச் சொல்லுவேன். உன்னைக் கேட்க மாட்டேன், உன்னிடம் கொடுத்தனுப்பவும் மாட்டேன். அந்த நாளை நான்தான் தீர்மானிப்பேன்.

உனக்குப் பதினெட்டு வயதானபோது ஒருமுறை என்னோடு கிளப்புக்கு வந்தாய், நினைவிருக்கிறதா? உனக்கென்று நீல நிறத்தில் காது மூடி வாங்கியிருந்தேன். கிளப்பின் சின்னப் பிஸ்ரலைத் தந்தோம். நீ சுட்ட துளைகளெல்லாம் இரண்டு டொலர் ரூனி நாணயம் ஒன்றால் மூடக்கூடிய இடத்தில் இருந்தன. நான் முதல்நாள் சுட்டதைவிட எவ்வளவோ நன்று. சுபா வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். நாங்கள் சொல்லிக்கொடுத்தபடியே நீ பிஸ்ரலின் வாயை இலக்குப் பக்கம் வைத்து மெல்லக் கீழே வைத்தாய். "காணும் அம்மா, போதும். எனக்கு இது வேண்டாம்," என்றாய். பிறகு பல மாதம் சுபா என்னை நச்சரித்தாள். "அக்கா, அந்தக் கை எல்லாருக்கும் வராது. ஏன் வேண்டாம்னான்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்களேன்." நான் கேட்கவில்லை. அன்றைக்குக் கார் ஓட்டிக்கொண்டு வரும்போதும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. வேண்டாம் என்று நீ சொன்னாய், எனக்கு அது போதுமாக இருந்தது.

நான் வேண்டும் என்கிறேன், தம்பி. உனக்கும் அது போதுமாக இருக்கட்டும்.

அம்மா